ரிஜெக்ஷனில் போட்ட தோல்கள்

எனக்கு வந்தது வயிற்று வலி என்றுதான் ஆம்பூரில் எல்லோரும் நம்பினார்கள். நான் நம்பினேன், என் மனைவி பாக்கியம் நம்பினாள், எங்கள் குடும்பத்துக்கே வைத்தியம் பார்த்த தேவசகாயம் டாக்டரும் நம்பினார். அந்த வலிக்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் இதை எழுத நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை.

இப்போது குணமாகிவிட்டது. குணமானதிலிருந்து யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து, தங்கச்சிக்கு இப்படி, மாமனாருக்கு அப்படி, நீ எங்கே காட்டினே, இன்னா மாத்திரை குடுத்தாங்க என்று ரகசியக் குரலில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. எனக்குப் பொறுமை கம்மி. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

நான் டேனரியில் தோல்களைத் தரம் பிரிக்கிறவன். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமாகி, காய்ந்து வருகிற ஆட்டுத் தோல்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் விரித்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, முதல் தரமா, இரண்டாவதா, மூன்றாவதா என்று முடிவு செய்து அந்தந்த அடுக்கில் போட வேண்டும். கத்தி வெட்டு விழுந்தது, உண்ணி கடித்த தடம் நிறைந்தது, ஒன்றுக்கும் ஆகாதது எல்லாம் தனி அடுக்கு. அதற்கு எங்கள் டேனரியில் ரிஜெக்ஷன் என்று பேர். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலுக்குக் கீழே மேஜை. எதிரெதிரே இரண்டு பேர் நிற்போம். எனக்கு எதிரே தாவூத் பாய். என்னைவிட மூத்தவர், நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த மேஜையில் என் கூட்டாளி.

எங்கள் மேஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஒரு தோலை ஓர் அடுக்கில் போட்டுவிட்டால் எதிரில் நிற்பவர் அதைத் தொடக்கூடாது. கை வெச்சது வெச்சதுதான். தொட்டு மாற்றினால், உன் கண் அவிஞ்சு போச்சு என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. வெட்டுக்குத்து வரைக்கும் போன இடங்கள் உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

முதலில் போனது பசி. அப்புறம் தூக்கம். விடிவதற்கு வெகு முன்பே முழிப்பு வந்துவிடும், வந்தால் திரும்பப் படுக்க முடியாது. வாயெல்லாம் கசப்பு. தொப்புளுக்கு மேலே பிசைகிற வலி, நாள் முழுக்க. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும், நடந்தால் எதற்கு நடக்கிறோம் என்று தெரியாது. கடைத்தெரு முனை வரை போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வருவேன், மறுபடி போவேன். ஆணி அடிக்காத குறையாக என்னைப் பிடித்து உட்கார வைத்துத்தான் பாக்கியம் சோறு போடுவாள். இரண்டு வாய் தின்றதும் எழுந்துவிடுவேன்.

தேவசகாயம் டாக்டரின் டிஸ்பென்சரி டேனரிக்குப் பக்கத்துத் தெருவில். எல்.எம்.பி. என்கிற டாக்டர் டிப்ளமா படித்தவர், பழைய சைக்கிள் ஒன்றில் ஊரெல்லாம் சுற்றுவார். நாம் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு போனால் கம்பவுண்டர் அதில் ரோஸ் நிற மிக்ஸ்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய ஓரம் வெட்டிய காகிதத்தை வெளியே ஒட்டிக் கொடுப்பார். அந்த ரோஸ் மிக்ஸ்சர் எத்தனை பாட்டில் குடித்தேனோ கடவுளுக்குத்தான் தெரியும். பிறகு பூச்சி மருந்து. பிறகு ஊசி. ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அவர், வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி வேலூருக்கு பஸ் பிடிக்க வேண்டும். நான் ஸ்டேஷனை விட்டு வெளியே வராமல் பிளாட்பாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்க ஆரம்பித்துவிட்டேன். பாக்கியம் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் வந்து என் தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையை எடுத்துத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். "நடங்க, நானும் வர்றேன்" என்றாள். பெட்டி ஒரு கையில், துண்டு ஒரு கையில், என்னோடு நடந்தாள். ஜனங்கள் பார்த்தார்கள். அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி, கடைக்குப் போனால்கூட முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறவள். அன்று அதெல்லாம் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பேரியம் என்று சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைக் கஞ்சியைக் குடிக்கச் சொன்னார்கள். அது வயிற்றுக்குள் இறங்கும்போது எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியுமாம். புண் இருந்தால் அந்த இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பெஞ்சில் காத்திருந்தபோது நான் புண் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், புற்று என்றாலும் சரி, ஒரு பேர் கிடைத்தால் போதும் என்று இருந்தது. ரிப்போர்ட் வந்தது. எல்லாம் நார்மல். ரத்தம் நார்மல், மலம் நார்மல், நெஞ்சு நார்மல். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த எக்ஸ்ரேயைக் கிழித்திருப்பேன், பாக்கியம் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். செலவைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. கம்மல் எங்கே என்று கேட்டதற்கு, "காது வலிக்குது, கழட்டி வெச்சிருக்கேன்" என்றாள்.

நார்மல் என்று தெரிந்ததும் ஊர் என்னை விடவில்லை. "இன்னா குறை உனக்கு? மூக்கும் முழியுமா பெண்டாட்டி, கைநிறையச் சம்பளம். தைரியமா இருய்யா!" இந்தத் தைரியமா இரு என்பதைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. இருக்க முடிந்தால் இருக்க மாட்டேனா? பாக்கியம் விரிஞ்சிபுரம் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு கயிறு கட்டினாள். தாவூத் பாய் தர்காவிலிருந்து தாயத்து கொண்டுவந்தார். கழுத்தில் கயிறு, கையில் தாயத்து, வயிற்றில் ரோஸ் மிக்ஸ்சர். எனக்குள்ளே மட்டும் ஒரே பேச்சு ஓடிக்கொண்டு இருந்தது: உன்னால் எல்லோருக்கும் தொல்லை, நீ இல்லாவிட்டால் இவர்களுக்கு நல்லது. இதை யாரிடமும் சொல்லவில்லை. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கூட நடக்கிறவளிடம் இதை எப்படிச் சொல்வது?

வேலைக்கு மட்டும் போய்க்கொண்டு இருந்தேன். மேஜை என்னைக் கைவிடவில்லை என்று நினைத்தேன். ஒரு நாள் டீ குடிக்க வெளியே போனவன் மறந்துபோன துண்டை எடுக்கத் திரும்பி வந்தேன். தாவூத் பாய் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். என் பக்கத்து ரிஜெக்ஷன் அடுக்கிலிருந்து தோல்களை அவசர அவசரமாக எடுத்து, ஜன்னலில் காட்டிப் பார்த்து, இரண்டாவது அடுக்கில் ஒன்று, முதல் அடுக்கில் ஒன்று என்று மாற்றிக்கொண்டு இருந்தார்.

எனக்கு உச்சிமண்டைக்கு ஏறிவிட்டது. "பாய்! இன்னா வேலை இது? என் கை வெச்ச தோலையா தொடறே?"

அவர் திரும்பினார். முகம் வெளுத்துப்போயிற்று.

"கத்தாதே ஏகாம்பரம். மொதலாளி சாயபு காதுல விழுந்துடும்" என்றார்.

"விழட்டும்! என் கண்ணு அவிஞ்சு போச்சா? எவ்ளோ நாளா நடக்குது இது?"

"ரொம்ப நாளா" என்றார் மெதுவாக. ஒரு தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இதை இன்னான்னு போட்டே?"

"ரிஜெக்ஷன். உண்ணித் தடம் தெரியல? நிறைய இருக்குது பார்."

"எங்கே? விரல் வெச்சுக் காட்டு."

நான் விரல் வைக்கப் போனேன். தடம் ஒன்றுகூட இல்லை. நல்ல தோல். அடுத்ததை எடுத்தார், அதுவும் நல்ல தோல். அதற்கடுத்ததும். அவற்றையெல்லாம் போடும்போது என் கண்ணுக்குக் குறை தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. அங்கேயே நின்று அந்தத் தோல்களை மறுபடி மறுபடி தடவிப் பார்த்தேன். தாவூத் பாய் தோலைப் போட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார், பக்கத்துத் தெருவுக்கு, நேராக டிஸ்பென்சரிக்கு.

"சார், இவன் வயித்தை விடுங்க, இதைக் கேளுங்க" என்று ஆரம்பித்தார். "முந்தியெல்லாம் சாயங்காலம் ரிஜெக்ஷன்ல ஒரு கைப்பிடி தோல் இருக்கும். இப்ப அந்த அடுக்குதான் ஒசரம். நல்லது கெட்டது எல்லாத்தையும் அதுலதான் போடறான். மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போய்டுமேன்னு நான் பின்னாடியே மாத்தி வெச்சுட்டு இருந்தேன். இன்னிக்கு மாட்டிக்கிட்டேன்."

தேவசகாயம் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இருந்த நோயாளிகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டுக்கொண்டார்.

"ஏகாம்பரம், ஒண்ணு கேக்கறேன். அந்த மேஜைமேல உன்னையே விரிச்சுப் போட்டா, எந்த அடுக்குல வெப்பே?"

"ரிஜெக்ஷன்" என்றேன். யோசிக்கவே இல்லை. அவ்வளவு சட்டென்று நான் எந்தத் தோலுக்கும் தரம் சொன்னதில்லை.

"செத்துப்போய்ட்டா தேவலைன்னு தோணுதா?"

இப்படி ஒருத்தர் வாய்விட்டுக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்டதும் என்னவோ உடைந்தது. "தோணுது சார். தெனமும் தோணுது" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். தாவூத் பாய், "யா அல்லா" என்று சுவரில் சாய்ந்துவிட்டார்.

நான் அழுது ஓய்ந்ததும் டாக்டர் சொன்னார்: "இதுக்கு டிப்ரஷன்னு பேரு. மனச்சோர்வு நோய். பைத்தியமில்ல, சோம்பேறித்தனமில்ல, சூனியமுமில்ல. டைபாய்டு மாதிரி இதுவும் ஒரு வியாதி, மருந்து இருக்கு. தூக்கம், பசி, ருசி எல்லாத்தையும் எடுத்துக்கும். பார்க்கிறதெல்லாம் மட்டமாக் காட்டும், உன்னையே உனக்கு மட்டமாக் காட்டும். வயித்து வலி நெஜம்தான், ஆனா ஆரம்பம் அங்க இல்ல." மேஜைமேல் இருந்த ஸ்டெதாஸ்கோப்பைத் தள்ளி வைத்தார். "நானும் வயித்தையே அமுக்கிப் பார்த்துட்டு இருந்துட்டேன்பா. மனசு எப்படி இருக்குதுன்னு ஒரு தடவைகூடக் கேக்கல. கேட்டிருக்கணும்."

அன்றைக்கே பாக்கியத்தை வரவழைத்தார். என்னைத் தனியாக விடக்கூடாது என்று அவளிடம் நேரடியாகச் சொன்னார். எதற்கு என்பதையும் மறைக்கவில்லை. அவள் அழவில்லை. "எப்போ வேலூருக்குக் கிளம்பணும் சார்?" என்று மட்டும் கேட்டாள்.

மனநோய் ஆஸ்பத்திரி என்றதும் என் மனசில் வந்தது சங்கிலியும் பூட்டும்தான். போனது அப்படிப்பட்ட இடமில்லை. வேலூருக்கு வெளியே, மலைக்குக் கீழே, வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். அங்கே ஒரு விதி: நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்கியே ஆக வேண்டும், சமைத்துப் போட வேண்டும், டாக்டர்கள் சொல்வதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பாக்கியம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு வந்து இறங்கினாள். பக்கத்து அறையில் குடியாத்தம் நெசவுக்காரர் ஒருவர் மனைவிக்காகத் தங்கியிருந்தார். குழம்பு வைக்கத் தெரியாமல் திண்டாடியவருக்கு இவள் சொல்லிக் கொடுத்தாள்.

மாத்திரை புதிதாக வந்தது என்றார்கள். இன்று போட்டால் இன்றே கேட்காது, வாரக்கணக்கில் ஆகும், வாய் மட்டும் உடனே காய்ந்துபோகும். எனக்கோ எல்லாம் இந்த நிமிஷமே நடக்க வேண்டும். "கேக்கல, கேக்கல" என்று நர்ஸை விரட்டிக்கொண்டே இருந்தேன். நான் இருந்த நிலைமையில் மாத்திரைக்காக மட்டும் காத்திருக்க முடியாது என்று கரண்ட் வைத்தியமும் சொன்னார்கள். கேட்டதும், முடியவே முடியாது என்றேன். அங்கிருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார்: ஊசி போட்டுத் தூங்க வைப்பார்கள், நெற்றிப் பொட்டில் ஒரு கணம் மின்சாரம், அதனால் மூளைக்குள் வலிப்பு மாதிரி ஒன்று வந்து போகும், அது சோர்வைக் கலைக்கும். வலி தெரியாது. கொஞ்ச நாளைக்கு ஞாபகம் மட்டும் தடுமாறும்.

அவர் சொன்னபடிதான் ஆயிற்று. எழுந்ததும் தலை கனக்கும், எங்கே இருக்கிறேன் என்று தெரியாது. "இது இன்னா ஊரு?" என்று கேட்பேன். "வேலூருங்க. உடம்பு சரியாவறதுக்கு வந்திருக்கோம்" என்பாள் பாக்கியம். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதையே கேட்பேன். அதே குரலில், அதே வார்த்தைகளில், முதல்முறை கேட்கிற மாதிரியே பதில் சொல்வாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் மூன்றாம் தடவையே எரிந்து விழுந்திருப்பேன்.

இரவுகள்தான் கொடுமை. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடப்பேன். அவள் பாயைக் கதவுக்குக் குறுக்கே போட்டுப் படுத்துக்கொள்வாள். தாண்டினால் முழித்துக்கொள்வாள். தூக்கத்திலும் துண்டு முனை கையில் இருக்கும்.

எப்போது மாறியது என்று கேட்கிறார்கள். ஒரு பகல் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். "இன்னா குழம்பு இது, உப்பைக் கொட்டி வெச்சிருக்கே!" என்று தட்டைத் தள்ளினேன். பாக்கியம் அப்படியே என்னைப் பார்த்தாள். "உப்பு கரிக்குதாங்க?" என்றாள். "கரிக்காம? வாயில வெக்க முடியல!" அவள் சிரிக்கிறாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அவள் சமைத்ததை நான் அதுவரை மண்ணைத் தின்கிற மாதிரி தின்றுகொண்டு இருந்தேன், ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "திட்டுங்க, இன்னும் கொஞ்சம் திட்டுங்க" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பியபோது தேவசகாயம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தக்கூடாது, வாரா வாரம் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். போனால் வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் மனசைக் கேட்பார். இப்போது எல்லா நோயாளிகளையும் அப்படித்தான் கேட்கிறாராம், கம்பவுண்டர் அலுத்துக்கொண்டார், நேரம் ஜாஸ்தி ஆகிறதாம்.

மேஜைக்குத் திரும்பினேன். கை பழையபடி ஓடியது. ஆனால் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. நான் ஒரு தோலை எடுத்தால் எதிரே தாவூத் பாயின் கை நின்றுவிடும். என் கண் உண்மையிலேயே சரியாகிவிட்டதா, இல்லை இவர் இன்னும் பின்னாலேயே மாற்றி வைத்துக்கொண்டு இருக்கிறாரா? கேட்டால் உண்மையைச் சொல்ல மாட்டார். சோதித்துப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஒரு நாள் அருமையான தோல் ஒன்று கைக்கு வந்தது. ஒரு கீறல் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு முதல் தரத்தில் போடலாம். அதை எடுத்து, பாய் பார்க்கும்படியாகவே ரிஜெக்ஷனில் போட்டேன். "டீ குடிச்சிட்டு வர்றேன் பாய்" என்று கிளம்பிவிட்டேன். திரும்பி வரும்போது தோல் இடம் மாறியிருந்தால், அவர் கண்ணுக்கு நான் இன்னும் நோயாளி. அங்கேயே இருந்தால் என்னை நம்புகிறார். இவ்வளவுதான் என் கணக்கு. டீக்கடையில் வேண்டுமென்றே நேரத்தை ஓட்டினேன்.

வந்து பார்த்தால் தோல் ரிஜெக்ஷனிலேயே கிடந்தது. தாவூத் பாயைத்தான் காணோம்.

வாசலில் சைக்கிள் தடாலென்று விழுகிற சத்தம். தேவசகாயம் டாக்டர் மூச்சு வாங்க உள்ளே வந்தார், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கையில் யாருக்கோ வைக்க எடுத்த தெர்மாமீட்டர். அவருக்குப் பின்னால் தாவூத் பாய், தொப்பி கோணியிருந்தது, காலில் செருப்பில்லை.

"மாத்திரை விட்டுட்டியா?" என்றார் டாக்டர்.

"இல்ல சார்."

"தூக்கம்?"

"நல்லா வருது."

"அப்ப அது இன்னா?" என்று தாவூத் பாய் அந்தத் தோலைக் காட்டினார்.

விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் டாக்டர் அப்படியே தோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். தாவூத் பாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அரே பாவி! சோதனையா பண்றே? என் உசுரே போய்டுச்சுய்யா! நீ டீக்குப் போனியா, வேற எங்கியாவது போனியான்னு தெரியாம, தெருவெல்லாம் வெறுங்காலோட ஓடினேன்!"

"பழையபடி எடுத்து மாத்தி வெச்சிருக்கலாமே பாய்?"

"மாத்தி மாத்தி வெச்சுத்தானே உன்னைப் பாதி சாக வுட்டேன்? தோஸ்துக்கு நல்லது பண்றேன்னு நெனச்சுக்கிட்டு, வியாதியை மூடி மூடி வெச்சேன். இனிமே ஒரு தோலைக்கூடத் தொடமாட்டேன். நீ தப்பாப் போட்டா டாக்டர்கிட்டதான் ஓடுவேன். ஆயிரம் தடவை போட்டாலும் ஓடுவேன்."

அவர் காலைப் பார்த்தேன், ஒரு விரலில் ரத்தம் கசிந்திருந்தது. டாக்டர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே, "வந்தது வந்துட்டேன், இந்த வார விசாரணையை இங்கியே முடிச்சுடலாம்" என்றார். "இப்ப சொல்லு, உன்னை எந்த அடுக்குல வெப்பே?"

இந்தத் தடவை யோசித்தேன். "செகண்ட், சார். கீறல் இருக்குது இல்ல."

"செகண்ட்தான் மார்க்கெட்டுல ஜாஸ்தி ஓடுது" என்றார் தாவூத் பாய், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

அந்த நல்ல தோலை ரிஜெக்ஷனிலிருந்து நானே எடுத்து முதல் அடுக்கில் வைத்தேன். தாவூத் பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு இருந்தார்.